மேலிருந்து வந்த சொல்

அந்தக் காலத்தில், காளையும் கௌதாரியும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, வானம்பாடிக்கு வானமும் இல்லை, பாட்டும் இல்லை. வானம்பாடி என்ற பெயரே இல்லை. மண்ணுக்குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். மண்ணின் நிறம், மண்ணில் நடை, மண்ணிலேயே கூடு. குரல் என்று பார்த்தால் 'ட்ரிப்' என்று ஒன்று உண்டு. அதையும் எதிரில் நிற்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால்தான் காதில் விழும்.

அப்படிப்பட்ட மண்ணுக்குருவி ஒன்று காங்கயத்துக்குத் தெற்கே ஒரு கொறங்காட்டில் இருந்தது. கொறங்காடு என்றால் ஏர் ஓட்டாமல், மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றே விட்டுவைத்த புல்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், மற்றதெல்லாம் முழங்கால் உயரக் கொழுக்கட்டைப் புல். மழை பெய்தால் புல், பெய்யாவிட்டால் கல். குருவியின் பெயர் கொண்டையன். தலையில் சின்னதாக ஒரு கொண்டை இருக்கும். கோபம் வந்தால் அது எழுந்து நிற்கும். அது படுத்திருந்த நாளைத் தான் பார்த்ததே இல்லை என்பாள் அவன் பெண்டாட்டி சின்னாத்தாள்.

கொண்டையன் கோபக்காரன், மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு அலைகிறான் என்று காடே பேசியது. எதற்காகக் கோபப்படுகிறான் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்களுக்கும் கொண்டை முளைத்திருக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்குப் பிறகு புல் தலையெடுத்ததும், வாசலில் இருக்கும் முள்படலைச் சாத்திவிடுவார்கள். பட்டிப்பொங்கலுக்கு மாடுகளைக் குளிப்பாட்டிக் கும்பிட்ட மறுநாள்தான் திறப்பார்கள். அதுவும் சும்மா திறந்துவிட முடியாது. காட்டுக்காரர் செல்லாண்டி படலுக்கு முன்னால் நின்று, வெள்வேல மரத்தின் உச்சியைப் பார்த்து, "உள்ள குஞ்சு குளுவான் இருக்குதுங்களா?" என்று கேட்க வேண்டும். இருக்கிறது என்று பதில் வந்தால் இன்னும் மூன்று நாளைக்குப் படல் சாத்தியே கிடக்கும். அதற்குள் புல்லுக்குள் இருக்கும் குஞ்சுகள் காலூன்றி நடந்துவிடும். இல்லை என்று பதில் வந்தால் அப்போதே திறப்பு.

இது ஏதோ தருமத்துக்காக ஏற்பட்ட வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். செல்லாண்டியின் பாட்டன் ஒரு வருஷம் கேட்காமல் திறந்துவிட்டார். காட்டில் இருந்த கூடெல்லாம் மிதிபட்டுப் போனது. அடுத்த மழைக்கு வெட்டுக்கிளி வந்தபோது அதைக் கொத்தித் தின்ன ஒரு குருவி மிஞ்சவில்லை. வெட்டுக்கிளி புல்லை வேரோடு வழித்துவிட்டது. மாடுகள் பட்டினி கிடந்தன. பட்ட பிறகு வந்த புத்திதான் இந்த வழக்கம்.

பதில் சொல்லும் வேலை பருந்தினுடையது. உச்சிக்கிளையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தானே எல்லாம் தெரியும் என்று எந்தப் புண்ணியவானோ முடிவு செய்துவிட்டுப் போயிருந்தான். எல்லாரும் அவரைப் பெரியவர் என்றார்கள். படல் சாத்திக் கிடக்கும் நாளில் தரையில் இருக்கும் குஞ்சைத் தொடுவதில்லை என்று பெரியவரும் வாக்குக் கொடுத்திருந்தார். முதல் சில வருஷம் ஒழுங்காக இறங்கி வந்து, புல்லை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். பிறகு பாதி மரம் வரைக்கும் இறங்கினார். பிறகு கழுத்தை மட்டும் நீட்டினார். இப்போது ஏழு வருஷமாகக் கண்ணைக்கூடத் திறக்காமல், "ஒண்ணுமில்ல, தெறந்து உடுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாடு உள்ளே போனால் எலியும் ஓணானும் புல்லை விட்டு வெளியே ஓடும். பெரியவருக்கு மதியச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். இது எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன வருஷம் கொண்டையனின் மூன்று முட்டை போனது அப்படித்தான். அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். இந்த வருஷம் மூன்றும் பொரிந்து குஞ்சாகிவிட்டன. பட்டிப்பொங்கலன்று அவற்றுக்கு ஐந்து நாள் வயது. வாயைத் திறக்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது. இன்னும் நாலு நாள் போனால் நடக்கும், நடந்தால் பிழைத்துக்கொள்ளும். படல் திறப்பதோ நாளைக்கு. அந்த மூன்று நாள் கிடைத்தால் பிள்ளைகள் உண்டு, இல்லாவிட்டால் இந்த வருஷமும் இல்லை.

பட்டிப்பொங்கலன்று காலையில் கொண்டையன் வெள்வேல மரத்தடிக்குப் போய் நின்றான்.

"ஏனுங் பெரியவரே! கீழ நான் பேசறனுங்."

மூன்று முறை கூப்பிட்டான். நாலாவது முறைக்குப் பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"யாரது, மண்ணுக்குருவியா? என்னடா வேணும்?"

"நாளைக்குக் காட்டுக்காரரு கேப்பாருங்க. இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க. என்ற குஞ்சு மூணு கெடக்குது. அந்த வெள்ளைக்கல்லுக்கு அக்கட்டால, புல்லுக் குத்துக்கு அடியில."

பெரியவர் அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, மூக்கை அந்தப் பக்கம் திருப்பினார்.

"ஒண்ணுந் தெரியலையே."

"தெரியாதுங்க. பாம்புக்கும் கீரிக்கும் தெரியக்கூடாதுன்னுதானுங்க அப்படிக் கட்டியிருக்கறோம். நீங்க சித்த எறங்கி வாங்க, நானே காட்டறேன்."

ஒரு பருந்தைத் தன் கூட்டுக்கு வந்து பார் என்று ஒரு குருவி கூப்பிடுகிறது என்றால் அதன் வயிறு எப்படி எரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெரியவர் யோசிக்கவில்லை. அவர் சிரித்தார்.

"எறங்கறதா? நானா? ஏண்டா, நீயே மறைச்சு வெச்சுப்போட்டு, தெரியலைன்னு சொன்னா என்ற மேல பாய்வியா? கண்ணுக்குத் தெரியாம வெச்சது யாரு குத்தம்?"

கொண்டையனுக்குக் கொண்டை எழுந்து நின்றது. அடிபட்டவனைப் பார்த்து, நீ ஏன் அடிபடுகிற இடத்தில் நின்றாய் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள்.

"பாக்கறதுதானுங்களே உங்க வேலை?"

"பாத்தாச்சு. தெரியல. என்ற கண்ணுக்குத் தெரியாதது இந்தக் காட்டுல இல்லாததுதான்."

"அப்ப நானே போயிக் காட்டுக்காரர்கிட்டச் சொல்லிக்கறேன்."

"சொல்லேன். நல்லாச் சொல்லு. ஆனா மேல வந்து சொல்லோணும். கீழ இருந்து சொன்னவன் சொல்லை எவன்டா கேட்டான்?"

கொண்டையன் விருட்டென்று பறந்து கீழ்க்கிளை ஒன்றில் போய் உட்காரப் பார்த்தான். மண்ணுக்குருவியின் பின்விரல் நகம் நீளமானது, நேரானது. புல்தரையில் நடப்பதற்கென்றே அமைந்த கால் அது. கிளையை வளைத்துப் பிடிக்க அதற்கு வராது. கால் வழுக்கியது. இறக்கையை அடித்து மறுபடி உட்கார்ந்தான், மறுபடி வழுக்கியது. மூன்றாவது முறை தலைகுப்புறப் புழுதியில் விழுந்தான். பக்கத்து மரத்து மைனாக்களெல்லாம் சேர்ந்து கெக்கெக்கே என்று சிரித்தன. பெரியவர் திறந்திருந்த அந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக மாட்டுப்பட்டிக்குப் போனான். செல்லாண்டி தன் மயிலைக் காளைக்குக் கொம்பு சீவி, வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். காட்டிலேயே பெரிய காளை அது. அது முன்னால் நடந்தால்தான் மற்ற மாடுகள் பின்னால் வரும். கழுத்தில் கட்டுவதற்காகப் பெரிய பெரிய வெண்கல மணிகள் ஒரு கயிற்றில் கோத்துக் கிடந்தன.

"ஏனுங்ணா, நாளைக்குப் படலைத் தெறக்காதீங்க. மூணு நாள் பொறுங்க. என்ற குஞ்சு கெடக்குது."

செல்லாண்டி கெட்டவர் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு அதிகம் கோபம் வரும் இடம். கெட்டவனாக இருந்தால் ஒரு கொத்துக் கொத்திவிட்டு வந்திருக்கலாம். அவர் வண்ணக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பொறுமையாகத்தான் கேட்டார்.

"நாளைக்கு நான் கேக்கத்தான் போறேன் தம்பி. பெரியவரு இருக்குதுன்னு சொன்னா மூணு நாளென்ன, முப்பது நாள் வேணாலும் சாத்தி வெக்கறேன்."

"அவரு பாக்க மாட்டாருங்கறேன். அதுதானுங்ணா உங்ககிட்ட வந்தேன். நீங்க ஒரு எட்டு வந்து குனிஞ்சு பாருங்க, கண்ணு முன்னாலயே இருக்குது."

"அதெப்படி? சொல்லு மேல இருந்து வரோணும். எங்க பாட்டன் காலத்துல இருந்து அப்படித்தான். இன்னைக்கு உனக்காகக் குனிஞ்சு பாத்தா, நாளைக்குக் காடை வரும், கௌதாரி வரும். புல்லுக்குள்ள இருந்து ஆளுக்கொண்ணு சொன்னா நான் யாரு சொல்லைக் கேக்கறது?"

"எல்லாரு சொல்லையும் கேக்கறது! கேட்டா என்னுங்க கொறஞ்சு போயிரும்?"

செல்லாண்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். வழக்கத்தை மீறிப் பேசுகிறானே என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூரிகையை எடுத்து இன்னொரு கொம்புக்குப் போனார். மயிலைக்காளை அசைபோட்டபடி சொன்னது, "வெசனப்படாத தம்பி. நான் பாத்துத்தான் காலு வெப்பேன்." அதற்கு நல்ல மனசுதான். நல்ல மனசை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கொண்டையன் திரும்பி வந்தபோது, கூட்டுக்குப் பக்கத்தில் ஆட்காட்டிக் குருவி நின்றிருந்தது. ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டும் அதே ஆட்காட்டிதான்.

"போனியா? சொன்னியா? கேட்டாங்களா?" என்றது அது. "நானுந்தான் கத்திக் கத்திப் பாத்தேன். தொண்டை காஞ்சதுதான் மிச்சம். ஏழை சொல்லு அம்பலம் ஏறாதுப்பா. பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

"அடுத்த வருஷமும் இதையேதான் சொல்லுவேன். வேறென்னத்தைச் சொல்லச் சொல்ற?"

ஆட்காட்டி போன பிறகு, குஞ்சுகளை இறக்கைக்குள் வைத்துக்கொண்டிருந்த சின்னாத்தாள் கேட்டாள்.

"போயிக் கெஞ்சுனீங்களா?"

அவன் இறக்கையில் ஒட்டியிருந்த புழுதியை உதறினான்.

"குனியக் குனியக் குட்டத்தான் செய்வாங்க. நீங்க இனி எங்கயும் போயிக் கெஞ்சாதீங்க. நாளைக்கு நான் இங்கயிருந்து எந்திரிக்க மாட்டேன். மிதிச்சா என்னையும் சேத்து மிதிக்கட்டும்."

சொன்னதைச் செய்கிறவள் அவள். கொண்டையனுக்கு அது தெரியும். அன்று முழுக்க அவன் இரை எடுக்கவில்லை. கோபம் உள்ளே கிடந்து கொதித்தது. ஆனால் 'ட்ரிப்' என்ற ஒரே சத்தத்தில் எவ்வளவு கோபத்தைச் சொல்லிவிட முடியும்?

மறுநாள் வெயில் ஏறியதும் செல்லாண்டி ஆட்களோடு வந்தார். மயிலைக்காளை முன்னால் நின்றது. பின்னால் நாற்பது மாடு, அதற்குப் பின்னால் ஆட்டு மந்தை. எல்லாக் கழுத்திலும் மணி. நேற்றுக் கட்டிய மணிகளை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. செல்லாண்டி துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மரத்தின் உச்சியைப் பார்த்துக் கேட்டார்.

"பெரியவருங்க! உள்ள குஞ்சு குளுவான் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்ல," என்றார் பெரியவர். கண் மூடியிருந்தது. "தெறந்து உடுப்பா."

"இருக்குது!" என்று புல்லுக்குள்ளிருந்து கொண்டையன் கத்தினான். "இருக்குதுங்ணா! மூணு இருக்குது!"

படல் கரகரவென்று நகர்ந்தது. மணிகள் குலுங்கின. அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கொண்டையன் ஓடிப்போய்க் காளையின் காலடியில் நின்றான்.

"மாமா, நில்லு! இந்தப் பக்கம் வராத! பாத்துக் காலு வெக்கறேன்னு நேத்துச் சொன்னியே!"

காளை தலையை நிமிர்த்தி நடந்தது. வண்ணம் பூசிய கொம்பும் கழுத்து மணியுமாக இருக்கும் காளை நிமிர்ந்துதான் நடக்கும், குனியாது. கொண்டையன் குளம்பைக் கொத்தினான். ஈ மொய்க்கிறது என்று நினைத்து அது காலை உதறியது. வெள்ளைக்கல்லுக்கு இன்னும் முப்பது காலடி தூரம் இருந்தது. பிறகு இருபத்தைந்து. புல்லுக்கு அடியில் சின்னாத்தாள் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணுக்கு மட்டும் அவள் தெரிந்தாள்.

அப்போதுதான் அவன் மேலே கிளம்பினான்.

கிளையில் உட்கார வராது என்பது அவனுக்குத் தெரியும். அதனால் கிளையைப் பார்க்கவே இல்லை. தரையிலிருந்து நேராக, இறக்கை படபடக்க, ஒரே செங்குத்தாக ஏறினான். மரத்தின் பாதியைத் தாண்டினான். உச்சிக்கிளையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரின் அலகுக்கு முன்னாலேயே தாண்டினான். அதற்கு மேல் உட்கார எதுவும் கிடையாது, வெறும் வானம்தான். அங்கே நின்றான். நிற்க வேண்டுமானால் இறக்கையை ஒரு நொடிகூட விடாமல் அடிக்க வேண்டும். அடித்தான். அடித்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

மூன்று வருஷமாக உள்ளே கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. தன் குரல் சின்னக் குரல் என்று அவனுக்குத் தெரியும். அதனால் காட்டில் யார் யார் குரலையெல்லாம் கேட்டு வளர்ந்தானோ அத்தனையையும் எடுத்துக்கொண்டான். காடையின் குரலில் திட்டினான், கௌதாரியின் குரலில் திட்டினான், தொண்டை காய்ந்துபோன ஆட்காட்டியின் குரலிலும் திட்டினான்.

"அடே, கண்ணிருந்தும் குருடா! உச்சிக்கெளையில குந்திக்கிட்டு ஏழு வருசமாத் தூங்கறவனே! எலி திங்கற ஆசையில எத்தன குடியக் கெடுத்த? உன்ற கண்ணுக்குத் தெரியாதது இல்லாததா? அப்ப நான் யாருடா? உன்ற தலைக்கு மேல நிக்கறேன், இப்பத் தெரியுதா?

"ஏனுங்ணா காட்டுக்காரரே! அண்ணாந்து பாக்கறதுக்குக் கழுத்து இருக்குது, குனிஞ்சு பாக்கறதுக்கு இடுப்பு இல்லியா? உங்க பாட்டன் பட்டினியில கத்துக்கிட்ட புத்திய நீங்க தூங்கறவன்கிட்டக் குடுத்துப்போட்டு நிக்கறீங்களே!

"ஏ மயிலை! கழுத்துல மணி கட்டிக்கிட்டா கண்ணு போயிருமா? நில்லு! அடியில என்ற பொண்டாட்டி இருக்கறா! நில்லு!

"ஏ ஆட்காட்டி! ஏ காடை! அடுத்த வருசம் அடுத்த வருசம்னு வாய மூடிக்கிட்டுச் செத்தவங்களே! நீங்க மட்டுமா, நானுந்தான் நேத்துக் கெஞ்சினேன். கெஞ்சின இந்த வாயால இன்னைக்குத் திட்டறேன், எல்லாரும் கேளுங்க!"

நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் விழுந்துவிடுவான். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்றார்களே, அன்று அது அம்பலத்தையும் தாண்டி ஏறியது.

மணிச் சத்தமெல்லாம் தரையோடு கிடந்தது. இந்தச் சத்தம் அதற்கு மேலே நின்றது. செல்லாண்டி அண்ணாந்தார். சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த கோல் நழுவியது.

"மாட்டை நிறுத்துங்கடா!" என்று கத்தினார். "சொல்லு மேல இருந்து வந்துருச்சு!"

பெரியவர் அப்போதுதான் இரண்டு கண்ணையும் திறந்தார். "அவன் வெறும் மண்ணுக்குருவிடா!"

"இப்ப அவன் மண்ணுல இல்லீங்களே," என்றார் செல்லாண்டி. "உங்களுக்கும் மேல இல்ல நிக்கறான்."

ஆட்கள் ஓடிப்போய் மயிலைக்காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்கள். காளை நின்றது. ஆனால் நிற்பதற்கு முன் எடுத்து வைத்த கால், வைத்தது வைத்ததுதான். வெள்ளைக்கல்லுக்கு அந்தப் பக்கம், புல்லுக் குத்துக்கு மேல்.

செல்லாண்டி ஓடிவந்து காளையின் காலைத் தூக்கிப் பிடித்தார். பிறகு குனிந்து பார்த்தார். இரண்டு குஞ்சுகள் ஈர மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. மூன்றாவது, குளம்பின் இரண்டு பாதிக்கும் நடுவில் இருக்கும் பிளவில் அகப்பட்டு, நசுங்காமல், வாயைத் திறந்துகொண்டு உயிரோடு இருந்தது. சின்னாத்தாள் சொன்னபடியே எழுந்திருக்கவில்லை. குளம்பின் ஓரம் பட்டு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தாள், வால் இறகெல்லாம் போயிருந்தது. அவள் நொண்டி நொண்டி வந்து அந்த ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கு யாருமே சொல்லலையே," என்றது மயிலைக்காளை. அதன் கண்ணில் நீர் வழிந்தது. "சொல்லியிருந்தா நின்னிருப்பனே."

"சொன்னாரு," என்றாள் சின்னாத்தாள். "உன்ற காலடியில நின்னு சொன்னாரு."

செல்லாண்டி காளையின் காலைத் தள்ளி இறக்கிவைத்துவிட்டு, இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அம்முணி, தப்பு நடந்துபோச்சு. என்ன வேணுமோ கேளு," என்றார்.

"போனது ரெண்டும் திரும்பி வருமுங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நான் சொல்றதக் கேளுங்க. இனிமேல் அந்த மரத்தைப் பாத்துக் கேக்காதீங்க. என்ற ஊட்டுக்காரரு மேல நின்னு திட்டற வரைக்கும் படலைத் தொடக்கூடாது. அவரு எப்ப வாய மூடறாரோ அப்பத் தெறங்க. நாங்க ஊடு மாறப் போறதில்ல. இந்தக் கொளம்புக் குழியிலதான் இருப்போம். மிதிச்ச காலு மறுபடியும் இங்க வர வெக்கப்படோணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. அங்கேயே, அப்போதே, காளையின் குளம்பு பதிந்த குழிக்குள் நாலு புல்லை இழுத்துப் போட்டு, மிச்சமிருந்த ஒரு பிள்ளையை அதில் வைத்துக்கொண்டாள். செல்லாண்டி மாடுகளைத் திருப்பி ஓட்டினார். படலைத் தன் கையாலேயே சாத்தினார்.

கொண்டையன் இன்னும் மேலேதான் இருந்தான். கீழே நடந்ததை அங்கிருந்தே பார்த்துவிட்டான். இரண்டு போனது தெரிந்த பிறகு அவன் திட்டு இரண்டு மடங்கானது. மூச்சு முட்டியது, இறக்கை மரத்துப்போனது, அப்போதும் விடவில்லை. கடைசியில் ஒரு சொல்லுக்குக்கூடக் காற்று மிச்சமில்லாதபோது வாயை மூடினான். இறக்கையையும் மூடினான். வீசி எறிந்த கல் விழுவதுபோல் விழுந்தான்.

நேராகக் கூட்டுக்கு விழவில்லை. பெரியவர் இப்போது இரண்டு கண்ணாலும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், கீழே குழிக்குள் நடந்ததைக் கவனிக்கவே இல்லை. அத்தனை பேர் முன்னால் மானம் போனவர் இனி வாக்கைக் காப்பாற்ற மாட்டார் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அதனால் கொண்டையன் கூட்டை விட்டுத் தள்ளி, ஐம்பது காலடிக்கு அப்பால் இறங்கினான். புல்லுக்குள் தலையைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தான். பெரியவர் மரத்தை விட்டுக் கிளம்பி வட்டம் போட்டுப் போட்டுத் தேடினார். மிதிபட்ட இடத்திலேயே, அதுவும் குளம்புக் குழியில் போய், மறுபடி கூடு இருக்கும் என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை.

செல்லாண்டி இருந்த வரைக்கும் வாக்கைக் காப்பாற்றினார். வானத்தில் அந்தச் சத்தம் இருக்கும் வரை படல் அசையாது. அவர் மகனும் காப்பாற்றினான். அதற்குப் பிறகுதான் மனிதர் பேச்சு வேறு, குருவி பேச்சு வேறு என்று ஆனது. மேலே நின்று திட்டுவது கேட்டது, என்ன திட்டு என்று புரியவில்லை. புரியாததால் வலிக்கவும் இல்லை. செல்லாண்டியின் பேரன் ஒருநாள் படலுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்து, "கேக்கறதுக்கே எவ்வளவு சொகமா இருக்குது!" என்று சொல்லிக்கொண்டே படலைத் திறந்துவிட்டான்.

கொண்டையன் மேலே கிளம்பிய நாள் முதல்தான் அந்தக் குருவி எந்த மரத்தையும் நம்புவதில்லை, மாட்டின் குளம்புக் குழியிலேயே கூடு வைக்கிறது, தரையிலிருந்து நேராகக் கிளம்பிப் பருந்துக்கும் மேலே போய் நின்று, மூச்சு முட்டும் வரை நம்மைத் திட்டித் தீர்க்கிறது. காலடியில் என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்க்காத நாம்தான், அதற்கு வானம்பாடி என்று பெயர் வைத்து, என்ன அருமையான பாட்டு என்று நின்று கேட்கிறோம்.